பஃபர் நிரம்பிய அந்த ஒன்றரை நொடி

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஏதாவது டெக்னிகலா பேசுப்பா என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் பேசப்போவது ஒரு தப்பைப் பற்றி. தப்பு என்னுடையது. நடந்த இடம் நம் கல்லூரி மைதானம்.

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவுக்குப் படம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 100 மீட்டர் ஓட்டம். முதலில் வந்த மாணவரைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவது யார் என்பதில்தான் தகராறு. இரண்டு பேர் தோளோடு தோள் உரச வந்தார்கள். மண்டலப் போட்டிக்கு இரண்டு பேர்தான் போகமுடியும். நடுவர்களில் ஒருவர் இவர் என்றார், இன்னொருவர் அவர் என்றார். உடற்கல்வி ஆசிரியர் நேராக என்னிடம் வந்தார். "ஏம்ப்பா, நீ டகடகன்னு எடுத்தியே, காட்டு பார்ப்போம்."

காட்டினேன். கோட்டுக்கு ஏறத்தாழ 9 மீட்டர் முன்னால் இருவரும் வரும் படம் இருந்தது. அதற்கு அடுத்த படத்தில் இருவருமே கோட்டைத் தாண்டி 3 மீட்டர் போய்விட்டார்கள். நடுவில் ஒன்றும் இல்லை. அந்த இருவரில் ஒரு தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே, "படம் விழுந்துச்சா அண்ணா?" என்று கேட்டார். இல்லைப்பா என்று சொன்னேன். நடுவர்கள் கூடிப் பேசி மற்றவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நம் ஹாஸ்டல் மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து மோட்டார் தண்ணீர் ஏற்றுகிறது, குழாய் வழியாக அது வெளியே போகிறது. கேமராவுக்குள்ளும் இப்படி ஒரு தொட்டி உண்டு. அதுதான் பஃபர், அதாவது வேகமான தற்காலிக நினைவகம். சென்சாரிலிருந்து வரும் படங்கள் முதலில் அதில் விழுந்து, பிறகு மெமரி கார்டுக்குப் போகின்றன. தொட்டி நிரம்பிவிட்டால் கேமரா அடுத்த படத்தை எடுக்காது, இடம் காலியாகும் வரை காத்திருக்கும். (நம் ஹாஸ்டல் தொட்டி நிரம்பி நான் பார்த்ததே இல்லை. அது வேறு கதை.)

என் கேமரா 24 மெகாபிக்சல். நொடிக்கு 6 படம் எடுக்கும். ரா முறையில் ஒரு படம் சுமார் 28 மெகாபைட். ஆக, உள்ளே வருவது நொடிக்கு 168 மெகாபைட். தொட்டியின் கொள்ளளவு சுமார் 12 படம், அதாவது 336 மெகாபைட். வெளியே போகும் குழாய்தான் கார்டு. என் கார்டின் முகப்பில் 90 என்று பெரிதாக அச்சடித்திருந்தது. வீட்டில் சோதித்துப் பார்த்தால் எழுதும் வேகம் 20 சொச்சம்தான்! அந்த 90 படிக்கும் வேகம். கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போது அது உதவும். ஓட்டப்பந்தயத்தில் உதவாது.

168-இல் 20 போனால் 148. 336-ஐ அதால் வகுத்தால் 2.3 நொடி வருகிறது. ஓட்டக்காரர்கள் 70 மீட்டர் தாண்டும்போது நான் விரலை அழுத்தினேன். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் 2.3 நொடியில் அவர்கள் 91 மீட்டருக்கு வந்துவிட்டார்கள். தொட்டி நிரம்பியது. அதற்குமேல் 28 மெகாபைட் இடம் காலியாக 1.4 நொடி ஆகும். அந்த நேரத்தில் அவர்கள் இன்னும் 12 மீட்டருக்கு மேல் ஓடி 103-ஐத் தொட்டுவிட்டார்கள். என் கேமராவில் விழுந்த இரண்டு படங்களும் கணக்கில் வந்த அதே இடத்தில்தான் இருந்தன.

நொடிக்கு 80 மெகாபைட் எழுதும் கார்டாக இருந்திருந்தால் தொட்டி நிரம்ப 3.8 நொடி ஆகியிருக்கும். கோட்டைத் தாண்ட 3.3 நொடி போதும். கார்டை விடுங்கள். அதே பழைய கார்டில் ஜேபெக் முறைக்கு மாற்றியிருந்தாலே போதும். படம் 10 மெகாபைட்தான் வரும், தொட்டி 8 நொடி தாங்கியிருக்கும். ஒரு பொத்தானைத் திருப்பாததுதான் என் குற்றம். அதையும் விடுங்கள். 85 மீட்டரில் அழுத்தத் தொடங்கியிருந்தாலும் கோடு கிடைத்திருக்கும். ஆசை, முதலிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்ற ஆசை.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியாக நடந்திருந்தாலும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர்கள் ஒன்றரை மீட்டர் ஓடியிருப்பார்கள். தோள் அளவு வித்தியாசத்தை என் படம் தீர்த்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஒலிம்பிக்கில் வைப்பது வேறு வகைக் கேமரா. அது முடிவுக் கோட்டை மட்டும் மெல்லிய கீற்றாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். 2016 ரியோவில் ஒமேகா வைத்தது நொடிக்கு 10,000 கீற்று எடுத்தது.

எழுதுவது ஏன் மெதுவாக நடக்கிறது? எலக்ட்ரானிக்ஸ் மாணவர்களுக்காகச் சுருக்கமாக. ஃபிளாஷ் செல்லில் மின்னூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் சரிபார்க்க வேண்டும். ஒரு செல்லில் 3 பிட் வைத்தால் 8 மட்டங்கள். அங்கே அவசரப்பட முடியாது. தவிர, எழுதிய இடத்தின்மேல் நேராக எழுதமுடியாது. ஒரு பெரிய தொகுதியை மொத்தமாக அழித்த பிறகுதான் எழுதலாம். படிப்பதற்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது.

கடைக்குப் போகும் தம்பி தங்கைகள் கார்டில் பார்க்க வேண்டியது வி என்ற எழுத்தையும் அதன் பக்கத்து எண்ணையும்தான். வி30 என்றால் தொடர்ந்து எழுதும்போது நொடிக்கு 30 மெகாபைட்டுக்குக் குறையாது என்று உத்தரவாதம். வி60, வி90-உம் அப்படியே. ரோமன் எண் இரண்டு போட்ட யூஎச்எஸ் கார்டுகளில் பின்பக்கம் இரண்டாவது வரிசைத் தொடுபுள்ளிகள் இருக்கும், அவற்றின் பாதை நொடிக்கு 312 மெகாபைட் வரை போகும். உங்கள் கேமராவில் அந்த வரிசைக்கு இடமில்லையென்றால் கார்டு பழைய 104-க்குள்தான் ஓடும். வாங்கிய காசு வீண். என்னிடம் ஒரு மாணவர் வந்து, டியூஷன் எடுத்த பணத்தில் வி90 கார்டு வாங்கினேன் அண்ணா, பழைய கேமராவில் வேகமே கூடலையே என்றார். என்ன சொல்ல?

வழி இல்லாமல் இல்லை. 2016-இல் வந்த நிக்கான் டி500, எக்ஸ்கியூடி கார்டு போட்டால் நொடிக்கு 10 வீதம் 200 ரா படம் வரை நிற்காமல் எடுக்கும். சிஎஃப்எக்ஸ்பிரஸ் பி வகைக் கார்டுக்குக் காகிதக் கணக்கில் தொடக்கத்திலேயே நொடிக்கு 2000 மெகாபைட் பாதை இருந்தது. விலையைக் கேட்டால்தான் நமக்கு மூச்சு நின்றுவிடும்.

அந்தத் தம்பி இந்த அரங்கில் இருக்கிறாரா என்று தெரியவில்லை. இருந்தால் தேநீர் இடைவேளையில் வந்து என்னைப் பார்க்க வேண்டும். இந்த ஆண்டு விழாவுக்கும் நான்தான் படம் எடுக்கிறேன். கோட்டுக்கு நேர் எதிரே நிற்பேன், ஜேபெக்கில் வைத்து, 85 மீட்டர் வரை விரலைத் தொடமாட்டேன்.