படகு மோட்டாரின் நீர் இறைப்பான்



நம் படகுகளின் பின்புறம் மாட்டும் மோட்டார் நடுக்கடலில் சூடேறி நின்றுவிடுவதற்குப் பல சமயங்களில் காரணம், அதன் அடிப்பாகத்து நீர் இறைப்பானிலுள்ள சிறிய ரப்பர் சக்கரம் பழுதாவதேயாகும். பக்கத்துத் துவாரத்தினின்று பீச்சும் நீர் மெலிந்தால், மோட்டாரை நிறுத்தி, மெல்லிய கம்பியால் அத்துவாரத்தை முதலில் குத்திப் பாருங்கள். உப்பும் மணலும் அடைத்திருக்கலாம். பின்னும் மெலிந்திருப்பின் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். இதழ் ஒடிந்திருந்தால் புதியது மாட்டுவதோடு நில்லாது, ஒடிந்த துண்டையும் தேடி எடுத்தல் அவசியம். மேலேறிய துண்டு நீர்வழியை அடைத்துவிடும்.

நம் வாலிபர் சிலர் கரையில் வைத்தே, சத்தம் பார்க்கவென்று நீரின்றி மோட்டாரை ஓட்டுகின்றனர். விநோதமான பரீட்சை! அந்த ரப்பருக்கு நீரே எண்ணெய். நீரில்லையேல் சற்று நேரத்திலேயே கருகிக் கெடும். பீப்பாயில் நன்னீர் நிரப்பி, மோட்டாரின் அடிப்பாகத்தை அதில் அமிழ்த்தி ஓட்டினால் சோதனையும் ஆகும், உள்ளே தங்கிய உப்பும் கழியும்.