காப்பீடும் கல்விக்குக் காவலே
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசுவதேன் என்று சிலர் எண்ணக்கூடும். நன்கு படித்துவந்த பிள்ளை திடீரெனப் பள்ளியை விட்டு நின்றால், அதன் காரணம் பலவேளை தந்தையின் நோய்ப்படுக்கையில் இருப்பதை ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவோம். மருத்துவச் செலவுக்குக் கந்துவட்டிக்கு வாங்கிய கடனை அடைக்கப் பிள்ளை வேலைக்குச் செல்கிறது.

இவ்வுரிமையின் வரலாறு நமக்கு அயலானதன்று. அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கிய காலத்தில், 1944-இல் பேராசிரியர் பி.பி. அடர்கர் அளித்த அறிக்கையே, 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்திற்கு வித்தாயிற்று. ஆயினும் அச்சட்டம் ஆலைத் தொழிலாளரைக் காத்ததேயன்றி, நாற்று நடுவோரையும் சுமை தூக்குவோரையும் எட்டவில்லை.

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அக்குறையைப் போக்க வந்தன. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின், குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ரூ.5 இலட்சம் வரை சிகிச்சை பெற வழி பிறந்தது. 2022-இல் ஆண்டு வருமான வரம்பு ரூ.72,000-லிருந்து ரூ.1,20,000 ஆக உயர்ந்தது. சந்தாவை அரசே செலுத்துகிறது.

ஆனால் நம் மக்களிற் பலர், நோயாளியைக் கட்டிலில் கிடத்திவிட்டு வருமானச் சான்றுக்கு அலைகின்றனர். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிருவாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்திற்கு நலமாயிருக்கும்போதே செல்லவேண்டும். மணமாகி வந்த மருமகளின் பெயர் குடும்ப அட்டையில் சேர்ந்துள்ளதா என்றும் பார்க்கவேண்டும். அதில் பெயரில்லாதார்க்குக் காப்பீடும் இல்லை.

காப்பீடு எல்லா நோய்க்கும் மருந்தன்று. பட்டியலிலுள்ள சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் மட்டுமே அது பயன்படும். அன்றாடக் காய்ச்சலுக்கும் சர்க்கரை நோய்க்கும் ஆரம்ப சுகாதார நிலையமே துணை. அங்கே மருத்துவரும் மருந்தும் குறைவின்றி இருக்கக் குரல் கொடுப்பதும் நம் கடமையே.

இளைஞர்களே! ஒருவருக்குப் பத்து வீடு எனப் பகிர்ந்துகொள்ளுங்கள். அட்டையில்லாத வீட்டாருக்கு விண்ணப்பம் எழுதித் தந்து, உடன் செல்லுங்கள். கற்ற கல்வி ஊருக்குப் பயன்படும் வழி இதுவே. அடுத்த ஆண்டுவிழாவில் நம் தெருவில் அட்டையில்லாத குடும்பம் ஒன்றுகூட இல்லை என்று சங்கம் அறிவிக்கட்டும்.