கூரையைப் பிரித்த நான்கு பேர்



மாற்கு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்ற ஒருவரைப் பார்க்கிறோம். கப்பர்நாகுமில் இயேசு இருந்த வீட்டு வாசலில் நிற்கக்கூட இடமில்லை. நான்கு பேர் அவரைத் தூக்கி வந்து, கூரையைப் பிரித்துப் படுக்கையோடு இறக்குகிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டே இயேசு பேசத் தொடங்கினார் என்கிறார் மாற்கு. தூக்கி வந்தவர்களின் நம்பிக்கையும் அங்கே கணக்கில் வந்தது.

என் தவறு ஒன்றை இன்று சொல்ல வேண்டும். முன்பு நான் பணியாற்றிய பங்கில், ஒவ்வொரு திருநீற்றுப் புதனன்றும் தாய்மார்கள் தங்கள் கணவர்களைக் கூட்டி வருவார்கள். "சாமி, இவர்கிட்ட சத்தியம் வாங்குங்க" என்பார்கள். நானும் திருவிவிலியத்தின் மேல் கைவைக்கச் சொல்லி சத்தியம் வாங்குவேன். பலருக்கு அது தவக்காலம் வரை தாங்கும். உயிர்ப்புப் பெருவிழா முடிந்ததும் பழைய கதைதான்.

அவர்களில் ஒரு கொத்தனார், ஒரு தவக்காலத்தின் இரண்டாம் வாரத்திலேயே சத்தியத்தை உடைத்துவிட்டார். அதன்பின் கோயில் பக்கமே வரவில்லை. ஒருநாள் வழியில் பார்த்துக் கேட்டேன். தலை நிமிராமல் சொன்னார்: "வேதப் புத்தகத்து மேல கைவச்சு சத்தியம் பண்ணிட்டு உடைச்சவன் சாமி நான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உதவி என்று நினைத்து நான் செய்தது, அவருக்கு ஆலயக் கதவைச் சாத்திவிட்டது. குடி ஒரு நோய். நடக்க முடியாதவரைப் பார்த்து, "இனி நடப்பேன் என்று சத்தியம் செய்" என்றேன். தூக்க நான்கு பேரைத் தேடவில்லை.

அந்த நான்கு பேர் எங்கே கிடைப்பார்கள்? 1935-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். குடியை விட்டு சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற பங்குத் தரகர், தொழில் தோல்வியோடு ஒரு விடுதியில் தனியாக இருந்தார். மது அருந்தும் ஆசை மீண்டும் எழுந்தது. இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்பிக்கலாம் என்று தொலைபேசியில் தேடினார். அப்படிச் சந்தித்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். இருவரிடமிருந்து பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. பில் அறிவுரை சொல்லப் போகவில்லை. தான் பிழைக்கப் போனார். 1939-இல் அதே ஊரில், புனித தோமா மருத்துவமனையில் அருட்சகோதரி இக்னேஷியா, டாக்டர் பாபோடு சேர்ந்து குடிநோயாளிகளுக்குப் படுக்கை கொடுத்தார்.

அந்தக் கொத்தனாரைப் பக்கத்து நகரக் கூட்டத்துக்குப் பேருந்தில் அழைத்துப் போனேன். குடிநோயாளிகளுக்கு மட்டுமான கூட்டம் என்பதால் நான் எதிரே டீக்கடையில் காத்திருந்தேன். வெளியே வந்தவர் சொன்னார்: "சாமி, உள்ளே ஒருத்தர் என் கதையைச் சொன்னாரு. ஆனா என்னை அவருக்குத் தெரியவே தெரியாது." பிறகு அவர் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். இரண்டு முறையும் திரும்பப் போனார். ஏன் விழுந்தாய் என்று அங்கே யாரும் அதட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். பிறகு கோயிலுக்கும் வந்தார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

அங்கே சேர வேண்டிய தகுதி ஒன்றே ஒன்று: குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் இல்லை. சாதி, மதம் பார்ப்பதில்லை. பேச விருப்பமில்லை என்றால் கேட்டுக்கொண்டு உட்காரலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. கேட்டதை வெளியே சொல்வதுமில்லை. வாழ்நாள் சத்தியம் கேட்பதில்லை. இன்று ஒருநாள் குடிக்காமலிருப்போம் என்கிறார்கள். குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. அம்மா, அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ போதை மீட்பு மையத்திலோ கேளுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் உதவி கேட்கலாம். பங்கு அலுவலகத்தில் கேட்டாலும் விசாரித்துச் சொல்வார்கள். ஒன்றை மறக்காதீர்கள்: தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மனம் குழம்பலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

"ஃபாதர், பாவசங்கீர்த்தனம் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அருட்சாதனம் பாவத்தை மன்னிக்கிறது. நோய்க்குத் துணையும் தேவை. ஒருவருக்கொருவர் தம் பாவங்களை அறிக்கையிட்டு, குணமடைய மன்றாடும்படி யாக்கோபு தம் திருமுகத்தில் கேட்கிறார். கூட்டத்துக்குப் போகிறவர் திருப்பலியை விட்டுப் போகவில்லை.

அன்பானவர்களே, உங்கள் தெருவிலும் ஒருவர் படுக்கையில் கிடக்கிறார். அவரிடம் சத்தியம் கேட்காதீர்கள். "அண்ணே, நான் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். கூட்டம் முடியும்வரை வாசலில் காத்திருங்கள். நால்வரில் ஒருவராகும் அருளை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.