ஆஷ்வெல் கோபுரச் சுவரில் எழுதிய கை



கோயிலின் வரலாற்றைக் கட்டுவித்தோர் பெயராலும் கட்டிய ஆண்டுகளாலும் சொல்வது வழக்கம். ஆஷ்வெல் கோயிலின் வரலாற்றிலோ, பெயரறியாத ஒருவர் சுவரில் கீறிய சில வரிகளே தலையாய இடம் பெறுகின்றன.

ஆஷ்வெல் என்பது இங்கிலாந்தில், ஹார்ட்போர்ட்ஷயர் மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டிய சிற்றூர். கேம் ஆற்றின் துணையாறாகிய ரீ, இவ்வூர் ஊற்றுகளில் பிறக்கிறது. 1086ஆம் ஆண்டின் நிலக் கணக்கேடு இவ்வூரை வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் உடைமையாகக் குறிக்கிறது. ஊர் நடுவே நிற்கும் தூய மரியாள் பங்குக் கோயிலின் பெரும்பகுதி 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கிழக்கே திருப்பீடம், நடுவே மக்கள் கூடும் நெடுங்கூடம், அதன் இருமருங்கும் பக்கக் கூடங்கள், மேற்கே 176 அடி உயரக் கோபுரம் என்பது அதன் அமைப்பு. அம்மாவட்டப் பங்குக் கோயில்களுள் இதனினும் உயர்ந்த கோபுரம் வேறில்லை.

இக்கோயிலுக்குப் பயன்பட்டது சுண்ணப் பாறையிலிருந்து வெட்டிய ஒருவகை மென்கல். செதுக்குவதற்கு எளிது, மழைக்கும் உறைபனிக்கும் தாங்காது. ஆகவே கோபுரத்தின் வெளிமுகம் அரித்துப்போய்ப் பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. உள்முகம் அவ்வாறன்று. கூரிய ஊசி கிடைத்தாலே எழுதிவிடலாம் என்னும்படி மென்மையான அக்கல், எழுதியதை அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வைத்திருக்கிறது.

1348இல் இங்கிலாந்தில் நுழைந்த கொள்ளைநோய், மக்களுள் மூன்றிலொரு பங்கினர் முதல் பாதிப்பேர் வரை மாய்த்தது என்பர் வரலாற்றாசிரியர். உழவுக்கும் கட்டட வேலைக்கும் ஆள் இல்லை. கூலி உயராதபடி தடுக்க 1351இல் சட்டமே இயற்றப்பட்டது. 1361இல் நோய் மீண்டும் வந்தது. இம்முறை சிறுவரை மிகுதியாகக் கொண்டுபோயிற்று.

கோபுரத்தின் வடக்குச் சுவரின் உட்புறத்தில் இலத்தீன் மொழியில் கீறிய வரிகள் இக்காலத்துக்கு உரியவை. ஒரு வரி, முதற்கொள்ளைநோய் வந்த ஆண்டினை ஆயிரம், மூன்று நூறு, ஐம்பதில் ஒன்று குறைவு என எண்ணுகிறது. 1349 என்பதே பொருள். மற்றொன்று 1350ஐ ஆயிரம், நூறு மும்முறை, பத்து ஐம்முறை என்று அடுக்கி, அதனை இரங்கத்தக்கது, கொடியது, வன்மையானது என்கிறது. ஆண்டுக் கணக்கும் செய்யுளின் ஓசைக்குள் அடங்கியது. இறுதியில் மாருஸ் திருநாளன்று உலகெங்கும் முழங்கிய பெருங்காற்றைக் கூறி, 1361 என ஆண்டிட்டு முடிகிறது. அக்கால இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தமையால், இன்றைய கணக்கில் அந்நாள் 1362 ஜனவரி 15 ஆகும். அப்புயலில் நார்விச் பேராலயத்தின் கூர்முடியும் சரிந்தது.

இவ்வரிகளின் நடுவில் ஒரு சொல் கவிஞர்தம் கருத்துக்குரியது. பிழைத்து எஞ்சிய மக்களே சாட்சி என்று கூறும் இடத்தில், அம்மக்களுக்கு அடைமொழியாக வரும் இலத்தீன் சொல்லுக்கு ‘மிக இழிந்த’ என்பது நேர்பொருள். அவலநிலையில் எஞ்சிய மக்கள் என்று கொள்வாரும் உளர். மாந்தருள் கடையர் என்று கொள்வாரும் உளர். பின்னதே பொருளாயின், நல்லோர் மாண்டார், கடையோரே மிஞ்சினோம் என எழுதியவர் தம்மையும் சேர்த்தே பழித்துக்கொண்டார் எனல் வேண்டும். சாட்சி சொல்வோர் தம்மை உயர்த்திக்கொள்ளும் இயல்பு அவ்வரியில் இல்லை. இரு பொருளுக்கும் இடந்தந்து நிற்பதே அச்சொல்லின் வன்மை.

அதே வடக்குச் சுவரில் பெருங்கோயில் ஒன்றின் கோட்டோவியமும் உண்டு. இலண்டனின் பழைய தூய பவுல் பேராலயம் அது என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வருகிறது. அப்பேராலயத்தின் கூர்முடி 1561இல் இடிவிழுந்து எரிந்தது. கோயிலும் 1666இன் பெருந்தீயில் அழிந்தது. தூண்களிலோ, மூலைகள் சரியாகப் பொருந்தவில்லை என்று கட்டட வேலையைக் காறி உமிழும் வசையும், குடிப்பழக்கத்தைக் கண்டிக்கும் வரியும் காணப்படுகின்றன. துயரமும் எள்ளலும் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றன.

இத்தகைய கீறல்கள் நெடுநாள் அறிஞர் கருத்தில் பதியவில்லை. 1967இல் வயலெட் பிரிச்சர்ட் இங்கிலாந்தின் இடைக்காலச் சுவர்க்கீறல்களைத் தொகுத்து நூலாக்கினார். 2010இல் நார்போக் மாவட்டக் கோயில்களில் முறையான கணக்கெடுப்பு தொடங்கியது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால், வெற்றுச் சுவர் என்று எண்ணிய இடத்தில் எழுத்துகள் எழுகின்றன.

ஆஷ்வெல் வரிகளை எழுதியவர் குருவா, கணக்கரா, கொத்தரோடு வந்தவரா என்பது எவர்க்கும் தெரியாது. தம் பெயரை அவர் எழுதவில்லை. ஆண்டினை எழுதினார், நோயினை எழுதினார், காற்றினை எழுதினார். எஞ்சியோர் எத்தகையோர் என்பதையும் எழுதினார். கோபுரத்தின் உயரம் காணச் செல்வோர் இன்றும் அச்சுவரின்முன் குனிந்தே படிக்கின்றனர்.