அனுப்பிய செய்தி எங்கே நின்றது?



தோட்டத்துக்குக் கடிதம் வந்த விதத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தபால்காரர் லயத்து வாசலுக்கு வருவதில்லை. பட்டணத்து அஞ்சலகத்திலிருந்து தபால் பை தோட்ட ஆபீசுக்கு வரும். கிராணி பையைப் பிரித்து, பெயர் பார்த்து, ஆள் வழியாகக் கொடுத்தனுப்புவார். எதிர்பார்த்த கடிதம் வராவிட்டால், "வரவில்லை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தவர்களும் உண்டு. "அஞ்சலகம் வரை வந்ததா? ஆபீஸ் வரை வந்ததா? யார் கையில் கொடுத்தார்கள்?" என்று படிப்படியாக விசாரித்தவர்களும் உண்டு. தொலைந்த கடிதம் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது வகையினருக்குத்தான்.

இன்று கல்லூரி அழைப்பும், உதவிநிதிக் கடிதமும், வேலைக்கான நேர்முகத் தேர்வுச் செய்தியும் மின்னஞ்சலாகக் கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. வழி மாறிவிட்டது. ஆனால் விசாரிக்கும் முறை மாறவில்லை. கணினி அனுப்பிய செய்தி வந்து சேராதபோது அதை எப்படித் தேடுவது என்பதே இன்றைய பேச்சு.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளியில் படித்த ஒரு பெண், எஸ்.பி.எம். தேர்வு எழுதி நல்ல மதிப்பெண் பெற்றாள். தாயார் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குபவர். பிள்ளை ஒரு கல்லூரிக்குக் கணினி வழியாக விண்ணப்பித்தாள். "விண்ணப்பம் பெறப்பட்டது" என்று திரையில் வந்தது; ஓர் எண்ணும் வந்தது. அதன்பின் கல்லூரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரவேண்டும். அதில் உள்ள இணைப்பை ஏழு நாளுக்குள் அழுத்தி உறுதி செய்தால்தான் விண்ணப்பம் செல்லும். அவளோடு விண்ணப்பித்த தோழிக்கு அன்று மாலையே மின்னஞ்சல் வந்துவிட்டது. இவளுக்கு நான்கு நாளாகியும் வரவில்லை.

ஐந்தாம் நாள் தாயாரும் மகளும் என்னைத் தேடி வந்தார்கள். "பிள்ளையோட பேரு ராசி சரியில்லையோ டீச்சர்?" என்று கேட்டார் அந்த அம்மா. ராசியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால், வேடிக்கையைப் பாருங்கள், குறை கடைசியில் பெயரில்தான் இருந்தது! எப்படி என்பதைச் சொல்வதற்கு முன், இந்தச் செய்திகள் எந்த வழியாக வருகின்றன என்று பார்த்துவிடுவோம்.

நாம் நிரப்பும் விண்ணப்பம் முதலில் கல்லூரியின் கணினியில் ஒரு மென்பொருளின் கையில் சேருகிறது. அது நம் விவரங்களைக் கட்டி, வேறொரு மென்பொருளிடம் ஒப்படைக்கிறது. இப்படிக் கட்டிக் கொடுப்பதற்குப் பல இடங்களில் பயன்படும் ஒரு முறைக்கு எக்ஸ்.எம்.எல். என்று பெயர். 1998ஆம் ஆண்டு பிப்ரவரியில் இதன் விதிகள் முறையாக வெளியிடப்பட்டன. நம் நாட்டு உள்நாட்டு வருமான வாரியம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி வைத்த மின் விலைப்பட்டியல் முறையிலும், விவரங்களை அனுப்ப ஏற்றுக்கொள்ளப்படும் வடிவங்களுள் இதுவும் ஒன்று.

முறை எளியது. ஒவ்வொரு விவரத்தின் முன்னும் பின்னும் ஒரு பெயர்ச்சீட்டுக் கட்டுகிறார்கள். முன் சீட்டு <பெயர்> என்றிருந்தால், பின் சீட்டு </பெயர்> என்றிருக்கும். இடையில் இருப்பதுதான் பெயர் என்று அடுத்த கணினி அறிந்துகொள்ளும். அரிசிப் பானை, பருப்புப் பானை என்று சீட்டு ஒட்டி வைப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த முறையில் கண்டிப்பு அதிகம். ஒரு சீட்டைத் திறந்து மூடாமல் விட்டால், படிக்கும் மென்பொருள் தானாக ஊகித்துத் திருத்திக்கொள்ளக் கூடாது. பிழை என்று அறிவித்து நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. ஓர் எழுத்துக்காக முழுக் கட்டும் திரும்பிவிடும்.

இரண்டாவது மென்பொருள் அந்தக் கட்டைப் பிரித்து, நமக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அஞ்சல் வழங்கி என்னும் கணினியிடம் தருகிறது. அந்த வழங்கி, நம் அஞ்சற்பெட்டி இருக்கும் வழங்கியைத் தேடிச் சென்று ஒப்படைக்கிறது. இவ்விரண்டும் பேசிக்கொள்ளும் முறையை 1982ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க அறிஞர் எழுதி வெளியிட்டார். அதில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் மறுபக்கம் மூன்று இலக்க எண்ணால் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் தொடங்கும் எண் என்றால் "சரி". நான்கில் தொடங்கினால் "இப்போது இயலாது, பிறகு வா". ஐந்தில் தொடங்கினால் "இயலவே இயலாது". உதாரணமாக 550 என்ற எண், அந்த முகவரியில் அப்படியொரு பெட்டி இல்லை என்பதற்குப் பெரும்பாலும் வரும் எண்.

ஆக, விண்ணப்பப் பக்கம், கட்டிக் கொடுக்கும் மென்பொருள், மின்னஞ்சல் எழுதும் மென்பொருள், அனுப்பும் வழங்கி, பெறும் வழங்கி, நம் பெட்டி என்று ஆறு இடங்கள். திரையில் "பெறப்பட்டது" என்று வந்தால், அது முதல் இடத்தின் பேச்சு மட்டுமே. மற்ற ஐந்துக்கும் அது பொறுப்பில்லை. இதை நம் மக்கள் நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பால் எடை குறைந்தால் நாம் என்ன செய்வோம்? மரத்தில் குறைந்ததா, வாளியில் சிந்தியதா, நிறுவையில் தவறியதா என்று வரிசையாகப் பார்ப்போம் அல்லவா? அதையேதான் நாங்களும் செய்தோம்.

முதலில் கடைசி இடத்தைப் பார்த்தோம், ஏனெனில் அதுதான் நம் கையில் இருப்பது. வேண்டாத அஞ்சல் போய் விழும் தனிப் பகுதியில் தேடினோம், இல்லை. பெட்டி நிறைந்துவிட்டதா என்று பார்த்தோம், இடம் இருந்தது. விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம், பிழை இல்லை. என் முகவரியிலிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், உடனே வந்தது. ஆகவே பெட்டியில் குறையில்லை. அதே கல்லூரியிலிருந்து தோழிக்கு வந்திருப்பதால், கல்லூரி வழங்கியும் வேலை செய்கிறது. அப்படியானால் தோழிக்கும் இவளுக்கும் என்ன வேற்றுமை?

அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தோம். நம் நாட்டில் சிலருடைய அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கும். பதிவில் ஒன்று, அழைப்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவே @ என்ற குறியைப் போட்டிருப்பார்கள். லெட்சுமி @ லதா என்பது போல. இவள் பெயரும் அப்படிப்பட்டதே. தோழியின் பெயரில் அந்தக் குறி இல்லை.

அதே @ குறிதான் மின்னஞ்சல் முகவரியின் நடுவிலும் இருக்கிறது. 1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்பவர், ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட அதைத் தேர்ந்தெடுத்தார்.

கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசினோம். எடுத்தவர், "பெயரில் அந்தக் குறியை எடுத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பியுங்கள்" என்றார். பிள்ளை சரியென்று தலையசைத்துவிட்டாள். நான்தான் தடுத்தேன். அடையாள அட்டையில் ஒரு பெயர், தேர்வுச் சான்றிதழில் அதே பெயர், கல்லூரியில் மட்டும் வேறு பெயர் என்றால், நாளை உதவிநிதிக்குப் போகும்போது "நீ யார்?" என்று கேட்பார்களே! சுமக்கத் தெரியாதது மென்பொருள். அதற்காகப் பிள்ளை ஏன் பெயரைக் குறைத்துக்கொள்ள வேண்டும்?

அன்றிரவே கல்லூரியின் கணினிப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதினோம். "மின்னஞ்சல் வரவில்லை, தயவு செய்து கவனிக்கவும்" என்று எழுதவில்லை. விண்ணப்ப எண், அனுப்பிய நாள், மணி, திரையில் வந்த வாசகம், அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், நாங்கள் ஏற்கெனவே சரிபார்த்தவை, தோழிக்கு வந்த நேரம் எல்லாம் வரிசையாக எழுதினோம். திரையின் படத்தையும் சேர்த்தோம். மறுநாள் நண்பகலுக்குள் பதில் வந்தது.

கணினிகள் தாம் செய்யும் வேலையை நாட்குறிப்புப் போல எழுதி வைக்கின்றன. நாளும் மணியும் தெரிந்ததால், அந்தப் பக்கத்தை அவர்களால் நேரே புரட்ட முடிந்தது. எக்ஸ்.எம்.எல். கட்டில் அவள் பெயர் பழுதின்றிப் போயிருந்தது. மின்னஞ்சல் எழுதும் மென்பொருள்தான், பெறுநர் வரியில் பெயரையும் முகவரியையும் அடுத்தடுத்து வைத்தபோது, பெயரிலிருந்த @ குறியை முகவரியின் குறி என்று மயங்கி, "முகவரி அமைப்புத் தவறு" என்று எழுதி வைத்துவிட்டு நின்றுவிட்டது. அதை யாருக்கும் சொல்லவும் இல்லை. பெயரை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துவிட்டால் இந்த மயக்கம் தீரும். அவ்வாறே திருத்தினார்கள். ஆறாம் நாள் மாலை மின்னஞ்சல் வந்தது. அவள் இணைப்பை அழுத்தியபோது கெடுவுக்கு ஒரு நாள் மிச்சமிருந்தது.

நேயர்களே, ஓர் இடத்தில் தீங்கில்லாத குறி இன்னோர் இடத்தில் வழியை அடைத்துவிடுகிறது. @ குறி எக்ஸ்.எம்.எல். கட்டுக்குள் எந்தத் தொல்லையும் தராது. மின்னஞ்சலின் பெறுநர் வரியில் தருகிறது. 'மற்றும்' என்பதற்குக் கடைப் பெயர்ப்பலகைகளில் போடுகிறார்களே & என்ற குறி, அது இதற்கு நேர்மாறு. பெறுநர் வரியில் அது சாது. எக்ஸ்.எம்.எல். கட்டுக்குள் அப்படியே வைத்தால், ஏதோ மாற்று எழுத்து தொடங்குகிறது என்று கணினி எண்ணிக்கொண்டு, கட்டையே திருப்பிவிடும். அதற்கென விதித்த மாற்றுக் கோவையை எழுத வேண்டும். நம் பெயர்களில் வரும் ஏ/பி, ஏ/எல் என்பதிலுள்ள சாய்கோடு இவ்விரண்டு இடங்களிலும் அடங்கியிருக்கும். ஆனால் ஒருவருடைய பெயரையே கோப்பின் பெயராக வைத்துக் கடிதம் தயாரிக்கும் மென்பொருளில், சாய்கோடு என்றால் வேறோர் அடுக்குக்குப் போ என்று பொருளாகிவிடும். கோப்பு உருவாகாது, கடிதமும் போகாது.

தமிழ் எழுத்தும் இப்படித்தான். யூ.டி.எஃப்.-8 என்ற முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. படிக்கும் கணினி வேறொரு முறையில் அதைப் படித்தால், தமிழுக்குப் பதில் பொருளற்ற குறிகள் வரிசையாக வந்து நிற்கும். தமிழ் எங்கும் போய்விடவில்லை. படித்த முறைதான் தவறு.

மென்பொருளைத் திருத்துவது அதை எழுதியவர் வேலை. நம் வீட்டிலிருந்து செய்யக்கூடியவை சில உண்டு. அவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

பிள்ளையின் மின்னஞ்சல் முகவரியை ஒரு தாளில் தெளிவாக எழுதி வையுங்கள். சுழியமும் ஆங்கில ஓ எழுத்தும் ஒன்றுபோல் தோன்றும். வேற்றுமை தெரிய எழுதுங்கள்.

பெட்டி நிறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் நிறுவனம் 2021ஆம் ஆண்டு ஜூன் 1 முதல், புதிதாகச் சேமிக்கும் படங்களையும் மின்னஞ்சலுக்குரிய அதே இடக்கணக்கில் சேர்த்துவிட்டது. கல்யாணப் படங்களும் திருவிழாப் படங்களும் இடத்தை அடைத்துக்கொண்டால், கல்லூரிக் கடிதத்துக்கு இடமிருக்காது.

நீங்கள் அனுப்பியது திரும்பி வந்தால், பயந்து அழித்துவிடாதீர்கள். அந்த மூன்று இலக்க எண்ணைத் தேடுங்கள். நான்கில் தொடங்கினால் பொறுத்திருக்கலாம். வழங்கி தானாகவே மறுபடி முயலும். அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு, நான்கைந்து நாள் வரையிலாவது முயல வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் விதி கூறுகிறது. ஐந்தில் தொடங்கினால் காத்திருந்து பயனில்லை. முகவரியையோ பெட்டியையோ சரிபார்க்க வேண்டும்.

விண்ணப்பித்தவுடன் திரையைப் படமெடுத்து, எண்ணையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். கெடு நாள் வரை காத்திருக்காமல், இரண்டாம் நாளே கேளுங்கள். கேட்கும்போது நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். உதவி செய்கிறேன் என்று யார் கேட்டாலும் கடவுச்சொல்லை மட்டும் கொடுக்காதீர்கள். அது இல்லாமலே இவ்வளவையும் கண்டுபிடிக்கலாம்.

அந்தப் பெண் இப்போது அதே கல்லூரியில் படிக்கிறாள். அட்டையில் உள்ள முழுப் பெயரோடுதான் படிக்கிறாள். அவளுக்குப் பின் அங்கே விண்ணப்பித்த, பெயரில் அந்தக் குறியுள்ள பிள்ளைகளுக்கும் வழி திறந்துவிட்டது. ஒரு தாயும் மகளும் "வரவில்லை" என்று வீட்டில் இருந்துவிடாமல், "எது வரை வந்தது?" என்று கேட்டதால் கிடைத்த பயன் இது. உங்கள் வீட்டிலும் ஒரு செய்தி வராமல் நின்றால், அந்தக் கேள்வியை மறவாமல் கேளுங்கள்.