செப்பேடும் ருஜுவும்
(காங்கேயத்தில் செய்த சொற்பொழிவு)



செப்பேடு என்றால் நம் ஜனங்களில் அநேகர் கன்னத்தில் போட்டுக் கொள்ளுகிறார்கள். கற்பூரம் காட்டிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறவர்களும் உண்டு. அது என்ன சாமியா? மந்திரத் தகடா? அந்தக் காலத்து ராஜாக்கள் எழுதிக் கொடுத்த நிலப் பத்திரம். ஓலையைச் செல்லரிக்கும், செம்பை அரிக்காது. ஆகவே செம்பில் வெட்டினார்கள். யாரும் ஓர் ஏட்டை உருவவோ செருகவோ முடியாதபடி துளையிட்டு, வளையத்தில் கோத்து, அரச முத்திரையால் மூட்டினார்கள்.

பத்திரம் என்றால் விசாரிக்க வேண்டாமா? கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பாராமல் காளைக்குப் பணம் அவிழ்க்கிறோமா? செம்பைக் கண்டால் மாத்திரம் புத்தியைக் கழற்றி வைப்பானேன்?

வேள்விக்குடிச் செப்பேட்டை எடுத்துக் கொள்ளுவோம். பாண்டியன் நெடுஞ்சடையன் தன் 3-ம் ஆட்சியாண்டில், சுமார் 770-ல், கொடுத்தது. மொத்தம் 10 ஏடுகள். தொடக்கம் வடமொழி, பெரும்பகுதி வட்டெழுத்தில் வெட்டிய தமிழ்.

அதில் உள்ள வழக்கு இதுதான். மதுரையில் அரசன் போகும்போது நற்சிங்கன் என்னும் பார்ப்பனர் குரலெழுப்பி முறையிடுகிறார். "முதுகுடுமிப் பெருவழுதி காலத்தில், யாகம் செய்த எம் முன்னோருக்கு இந்த ஊர் கொடுக்கப்பட்டது; களப்பிரர் பிடுங்கிக் கொண்டனர்; திருப்பித் தர வேண்டும்" என்பது அவர் வாதத்தின் சாரம். களப்பிரரை ஓட்டியதாகச் சொல்லப்படும் கடுங்கோன் முதல் நெடுஞ்சடையன் வரை ஏழு பட்டம் கழிந்துவிட்டது. அரசன் என்ன செய்தான்? பழைய உரிமையை நாட்டார் அறிய ருஜுப்படுத்து என்றான். ருஜுக் காட்டிய பிறகே ஊரைக் கொடுத்தான் என்று சாசனமே சொல்லுகிறது.

தோழர்களே! முடியரசனே, அதுவும் யாகத்தைச் சொல்லி வந்தவரிடத்திலேயே, வாய்ப்பேச்சை ஒப்பாமல் ருஜுக் கேட்டான். நாம் கேட்டால் மாத்திரம் நாஸ்திகம் என்கிறார்கள்!

அவன் கேட்ட ருஜுவை அவன் செப்பேட்டினிடமே நாம் கேட்போம். பாண்டியர் சந்திர வம்சம், அகத்தியர் அவர்கள் குலபுரோகிதர் என்று அது தொடங்குகிறது. இதைக் கண்டவன் யார்? தள்ளுங்கள். ஊரைக் கொடுத்த சங்கதியை ஒப்புக் கொள்ளலாம். பக்கத்து ஊரார் உயிரோடிருக்கையில் எல்லையிலும் உரிமையிலும் பெரும் பொய் எழுதுவது எளிதல்ல.

களப்பிரரைக் 'கலியரசன்' என்கிறதே, அது? ஜெயித்தவனும் நிலம் பெற்றவனும் சேர்ந்து எழுதியது. தோற்றவன் சாட்சியம் அதில் இல்லை. இந்த ஒருதலை வார்த்தையைப் பெரிதாக நம்பித்தான் பண்டிதர் பலர் அக்காலத்தை 'இருண்ட காலம்' என்றார்கள். ஆனால் புத்ததத்தர் என்னும் பௌத்த ஆசிரியர், களப்பிர குலத்து அச்சுத விக்கந்தன் ஆட்சியில் சோழநாட்டில் இருந்து பாலி நூல் செய்ததாக எழுதியிருக்கிறார். நூல் எழுத வெளிச்சம் இருந்த காலம் யாருக்கு இருட்டு?

கொங்கு நாட்டாருக்கும் இதில் பங்குண்டு. நெடுஞ்சடையனின் தகப்பன் மழகொங்கத்தை அடக்கி, நமக்கு அடுத்த கொடுமுடிக்கு வந்து பசுபதி கோயிலில் பொன்னும் மணியும் கொடுத்தான் என்று பெருமையாக எழுதியிருக்கிறது. அந்தப் படையெடுப்பில் எத்தனை கொங்கன் செத்தான்? எவன் பட்டி காலியாயிற்று? அதைச் சொல்ல ஒரு வரியும் வெட்டவில்லை. கொடுத்தவன் பேரும் வாங்கியவன் பேரும் இருக்கின்றன. உழுது விளைவித்தவன் பேர் எங்கே?

அதனால் செப்பேடு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் இந்த வழக்கே நமக்குத் தெரிந்திராது. யார் எழுதினான், யாருக்காக எழுதினான், அவனுக்கு அது நேரில் தெரியுமா என்ற மூன்று கேள்வியோடு படியுங்கள் என்கிறோம்.

நம் பக்கத்து மடங்களிலும் வீடுகளிலும் பிற்காலப் பட்டயங்கள் இருக்கின்றன. அவற்றைப் புளி போட்டுத் துலக்காதீர்கள், எழுத்துத் தேயும். பழஞ்செம்பென்று எடைக்குப் போடாதீர்கள். எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களைக் கொண்டு நகல் எடுக்கச் செய்யுங்கள். எங்கள் ஜாதி உயர்ந்தது என்று அதில் இருந்தால், அதற்கும் அந்த மூன்று கேள்வியையே போடுங்கள். பூட்டிய பெட்டிக்குள் பூஜை வாங்கும் செம்பு யாருக்கும் பயன்படாது. நாலு பேர் படித்து விவாதித்தால்தான் அது சரித்திரமாகும்.