மண்ணில் கிடைத்த இரும்புத் தொப்பி

கன்று நடக் குழி வெட்டும்போது துருப்பிடித்த இரும்புத் தட்டு ஒன்று மண்வெட்டியில் தட்டுப்படுகிறது. கோழிக்குத் தண்ணீர் வைக்க ஆகும் என்று லயத்துக்குக் கொண்டுவந்து விடுகிறோம். நானும் அப்படிச் செய்திருப்பேன். ஆனால் அது சிப்பாயின் தலைக்கவசமாக இருக்கலாம்.

1942 ஜனவரி 7-இல் சிலிம் ரிவர் வட்டாரத்துப் பால்மரத் தோட்டங்களின் நடுவே ஜப்பானியரை எதிர்த்து நின்றவர்கள் பஞ்சாபியர், கூர்க்காக்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள். அவர்கள் அணிந்தது பிரிட்டிஷ் பாணித் தொப்பி. ஆழம் குறைவு, சுற்றிலும் அகன்ற விளிம்பு. கவிழ்த்த சூப்புத் தட்டு என்றே சொல்லலாம். ஜப்பானியர் தொப்பியோ சட்டிபோல் ஆழமானது. முன்புறம் நட்சத்திரம் இருக்கும்.

விளிம்பின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செய்தவரின் எழுத்துக் குறியும் ஆண்டும் அங்கே குத்தப்பட்டிருக்கலாம். பின் விளிம்பில் மூன்று துளைகள் இருந்தால் தென்னாப்பிரிக்காவில் செய்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுச் சாயம் பூசிவிடாதீர்கள். பழைய சாயத்தோடு படைப்பிரிவின் அடையாளமும், சில வேளை சிப்பாயின் பெயரும் போய்விடும். பழைய இரும்புக் கடையில் அதற்குக் கிடைப்பது சில காசுதான்.

இன்னொன்று, பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். தொப்பி கிடைத்த இடத்தில் வெடிக்காத குண்டும் கிடக்கலாம். மேலும் தோண்டாமல் போலீசுக்குத் தெரிவியுங்கள். எலும்பு தென்பட்டாலும் அப்படியே. சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சுவர்களில், புதைத்த இடம் தெரியாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன.